இரவுக்கு என்ன சமைப்பது? யாழ்ப்பாணத்து இராச்சாப்பாட்டின் கதை

மாலை ஐந்து மணிக்குப் பிறகு எங்கள் வீடுகளில் நாள்தோறும் எழுகின்ற கேள்வி, இரவுக்கு என்ன சமைப்பது என்பதாகும். மன்னர்களின் போர்களையும் ஆளுநர்களின் கட்டளைகளையும் பக்கம் பக்கமாக எழுதிய எமது வரலாற்று நூல்கள் இந்தக் கேள்வியைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அரிசி விலை, மா விலை, மண்ணெண்ணெய் விலை என்று பத்திரிகைகளில் எழுதியே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, இலங்கையின் அரசியல் வரலாற்றை அடுப்படியில் இருந்தும் எழுதலாம் என்றே தோன்றுகின்றது. வேலைநாள் ஒன்றின் இரவில் ஒரு சாதாரண குடும்பத்தின் தட்டில் என்ன இருந்தது என்பதைப் பார்த்தால், அந்த ஆண்டில் நாட்டை ஆண்டவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் மத்தியானச் சாப்பாடு என்றால் சோறும் கறிகளும். இராச்சாப்பாடு வேறு. பிட்டு அல்லது இடியப்பம், ஒரு சொதி, ஒரு சம்பல், மத்தியானம் மிஞ்சிய குழம்பு இருந்தால் அதுவும் ஒரு பக்கத்தில். கத்தரிக்காய்ப் பொரியலோ வாழைக்காய்ப் பொரியலோ இருந்தால் அது சற்று விசேஷமான நாள். மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான் ஒன்றை வெட்டி வைத்துவிட்டால் பிட்டுக்குக் கறியே தேவையில்லை. மற்றைய நாட்களில் கப்பல் வாழைப்பழம் போதும்.

வேலை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் அரைமணி நேரத்தில் இதனைச் சமைத்துவிட முடியும். உலைநீர் கொதிப்பதற்குள் தேங்காய் துருவி முடிந்துவிடும். வறுத்த மாவில் கொதிநீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறி, பேணியின் விளிம்பால் சிறு மணிகளாகக் கொத்தி, தேங்காய்ப்பூச் சேர்த்து நீத்துப்பெட்டியில் வைத்தால் பிட்டு தானாக அவியும். அது அவிகின்ற நேரத்தில் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றை இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, முதற்பாலைச் சேர்த்துத் திரையாமல் துழாவி இறக்கி, தேசிக்காய்ப் புளியை விட்டால் சொதி தயார். ஒரே தேங்காயில் ஒரு பங்கு பிட்டுக்கு, ஒரு பங்கு சம்பலுக்கு, மீதி சொதிக்கு. ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு தேங்காய் கணக்குச் சரியாக இருக்கும்.

இதில் பெரும்பாலானவை வளவில் இருந்து அப்போதே பறிக்கப்பட்டவை. கறிவேப்பிலையும் தேசிக்காயும் கிணற்றடியில், பச்சைமிளகாய் வேலியோரத்தில். முருங்கையிலையும் வல்லாரையும் இருந்தாலும் அவை மத்தியானத்துக்கு உரியவை. இரவில் கீரை உண்ணலாகாது என்பது பல வீடுகளில் இன்றும் மீறப்படாத விதி. கரையோரக் கிராமங்களில் பின்நேரம் வரும் மீன் சொதிக்குள் போகும். குளிர்சாதனப் பெட்டி பெரும்பாலான வீடுகளில் இல்லாத காலத்தில் இரவுச் சமையல் புதிதாகத்தான் இருக்க முடியும். மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது காலையில் பழஞ்சோறு.

இது எமது பாரம்பரிய உணவு என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். சொல்வதில் தவறில்லை. ஆனால் இந்தத் தட்டை ஒவ்வொரு பொருளாகப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பாரம்பரியத்தின் வயது பொருளுக்குப் பொருள் வேறுபடுவதைக் காணலாம்.

சம்பலில் உள்ள மிளகாயை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய மிளகாய், போர்த்துக்கேயரின் கப்பல் வழிகள் திறந்த பின்னரே எமது பகுதிக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் எமது சமையலின் உறைப்பு மிளகில் இருந்து வந்தது. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற இன்னொரு சொல் இன்றும் எமது இரவுகளில் ஒலிக்கின்றது, அதுதான் பாண். சொதிக்குள் போடுகின்ற உருளைக்கிழங்கும் தக்காளியும்கூடக் கடல் கடந்து வந்தவையே. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில் அங்குள்ள மக்களின் உணவை விபரிக்கின்றார். சோறும் உப்பும் இருந்துவிட்டால் அவர்கள் குறையொன்றும் உணர்வதில்லை என்றும், சில பச்சை இலைகளையும் தேசிக்காய்ப் புளியையும் மிளகையும் கொண்டே திருப்தியாக உண்டுவிடுவார்கள் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். அவர் எழுதியது மலைநாட்டுச் சிங்கள மக்களைப் பற்றி. ஆயினும் வளவில் கிடைத்த பச்சையை வைத்து எளிதாகச் சமைத்து உண்ணும் வழக்கம் இத்தீவில் எவ்வளவு பழையது என்பதற்கு அது நல்ல சாட்சி.

யாழ்ப்பாணத்தின் நிலைமை கண்டியில் இருந்து ஒருவகையில் வேறுபட்டது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. நெல் மழையை நம்பிய ஒருபோகப் பயிர். அது ஆண்டு முழுவதும் இருநேரமும் சோறு உண்ணப் போதுமானதாக இருந்ததில்லை. ஆகவே குரக்கன், சாமை, வரகு, தினை ஆகியவற்றோடு பனையும் சேர்ந்தே இந்த மண்ணின் மக்களுக்கு உணவளித்தது. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பு நீக்கிப் பிழிந்து அவிக்கும் பிட்டு, ஏழைக் குடும்பங்களின் இராச்சாப்பாடாக நெடுங்காலம் இருந்தது. பிட்டு என்பது அரிசியால் மட்டும் ஆனதல்ல. கையில் கிடைத்த எந்த மாவையும் உணவாக்கும் ஒரு முறை அது. பின்னர் வந்த நெருக்கடிகள் எல்லாவற்றிலும் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த முறைதான்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அரைமணி நேரச் சமையல் என்று மேலே எழுதினேன். ஆனால் அந்த அரைமணிக்குப் பின்னால் முழு நாளின் உழைப்பு இருந்தது. அரிசியை ஊறவைத்து, வடித்து, உரலில் இட்டு உலக்கையால் இடித்து, அரித்து, கப்பியை மீண்டும் இடித்து, பெரிய சட்டியில் பதமாக வறுத்து ஆறவைத்து எடுத்தால்தான் மாலையில் மாப்பானை நிறைந்திருக்கும். என் அம்மம்மாவின் உள்ளங்கைகள் உலக்கை பிடித்துக் காய்த்துப் போயிருந்தன. "வீட்டிலை மா இருந்தால் இராவைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை" என்று அவர் அடிக்கடி சொல்வார். அந்த மா எப்படி வந்தது என்று யோசித்தவர்கள் வீட்டில் அதிகம் பேர் இருக்கவில்லை. இரவில் விரைவாகச் சமைக்க முடிந்ததென்றால், பகலில் பெண்கள் செய்த வேலையை நாங்கள் மாப்பானையில் சேமித்து வைத்திருந்தோம் என்பதே அதன் பொருள்.

இந்த மாப்பானைக்குள் கோதுமை நுழைந்த கதைக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை தனது அரிசித் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதி செய்தது. அதில் முக்கிய பங்கு பர்மாவுடையது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்த வழி அடைபட்டது. அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பனும் சங்கக்கடையும் எமது வாழ்க்கையின் அங்கங்களாயின. அரிசிக்குப் பதிலாக அரசாங்கம் கொடுத்தது கோதுமை மா. நகரங்களில் வசதியுள்ளோர் மட்டுமே அறிந்திருந்த பாண், கிராமங்களுக்கும் பரவியது.

சங்கக்கடையில் இருந்து வந்த வெள்ளை மாவை என்ன செய்வதென்று ஆரம்பத்தில் பலருக்குத் தெரிந்திருக்காது. நீர் பட்டதும் பசைபோல இழுபடும் அந்த மாவில் பிட்டுக் கொத்தவும் முடியாது, இடியப்பம் பிழியவும் முடியாது. எமது பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். மாவைத் துணியில் முடிந்து ஆவியில் அவித்து, சூடாறுமுன் கட்டிகளை உடைத்து அரித்து எடுத்தார்கள். ஆவியின் வெப்பத்தில் கோதுமையில் உள்ள பசைப் புரதம் தன் இழுவைத் தன்மையை இழந்துவிடும். அதன்பின் அது அரிசிமாவைப் போலக் கைக்கு அடங்கும். பல நாட்கள் கெடாமலும் இருக்கும். இந்த உத்தியைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்த நூலும் சொல்லவில்லை. ஆனால் அவித்த மா இல்லாவிட்டால் கடந்த எண்பது ஆண்டுகளின் யாழ்ப்பாணத்து இராச்சாப்பாடு வேறொன்றாகவே இருந்திருக்கும். உரலும் உலக்கையும் மெல்ல மெல்ல மூலைக்குப் போனதற்கும் இந்த மா ஒரு முக்கிய காரணம். என் அம்மாவின் கைகளில் அம்மம்மாவின் காய்ப்பு இல்லை.

போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. சுதந்திர இலங்கையில் அரிசி மானியம் ஆட்சிகளைத் தீர்மானிக்கும் விடயமாகியது. 1953 இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தனவின் வரவுசெலவுத் திட்டத்தை அடுத்து ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. மக்கள் சுடப்பட்டனர். கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் அமைச்சரவை கூடும் அளவுக்கு நிலைமை சென்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதே டட்லி மீண்டும் பிரதமராக இருந்தபோது, 1966 டிசெம்பரில் இரண்டு கொத்து அரிசியை ஒரு கொத்தாகக் குறைத்து அதனை இலவசமாக்கினார். சந்திரனில் இருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டு கொத்துத் தருவோம் என்று எதிரணி முழங்கியது. 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான கூட்டணி பெருவெற்றி பெற்றது.

சந்திரன் கைகொடுக்கவில்லை. 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேற, பங்கீடு வெட்டப்பட்டது. பாணுக்கு விடியுமுன்பே வரிசை. அரிசியை இடம்விட்டு இடம் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு, வழியில் சோதனைத் தடைகள். உணவகங்களில் வாரத்தில் இரண்டு நாட்கள் சோறு பரிமாறத் தடை. நான் சிறு குழந்தையாக இருந்த காலம் அது. எனக்கு நேரடி நினைவுகள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அக்காலம் 'மரவள்ளிக் காலம்' என்ற பெயராலேயே பேசப்பட்டது. அவித்த மரவள்ளிக்கிழங்கும் ஒரு சம்பலும் இராச்சாப்பாடாக இருந்த ஆண்டுகள் அவை.

ஆயினும் அக்காலத்தை யாழ்ப்பாணத்து விவசாயிகள் வேறுவிதமாக நினைவு கூருகின்றார்கள். மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் எமது செம்மண் தோட்டங்களுக்குப் பொற்காலம் பிறந்தது. வெங்காயம் விற்ற காசில் கல்வீடு கட்டியவர்கள் எமது ஊரிலேயே பலர். ஒரே அரசாங்கத்தின் ஒரே கொள்கை, நுகர்வோரின் இரவை வறுமையாக்கி விவசாயியின் வீட்டை உயர்த்தியது என்பது குறிப்பிடத்தக்கது.

மலையகத்தில் அந்த ஆறுதலும் இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் இராச்சாப்பாடு பெரும்பாலும் கோதுமை மா ரொட்டி. தேங்காய்ப்பூச் சேர்த்துத் தட்டிச் சுட்டு, ஒரு சம்பலோடு உண்பது. நாள் முழுவதும் கொழுந்து பறித்து வந்த பெண் விரைவாகச் செய்யக்கூடிய உணவு அது ஒன்றே. லயன் அறையின் முன்னால் ஒரு சிறு கீரைப் பாத்திக்கு இடமிருந்தால் அதுவே பெரிய விடயம். 1973, 1974 ஆண்டுகளில் மாப் பங்கீடு குறைந்தபோது அந்த மக்களுக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. குடியுரிமையை 1948 இலேயே இழந்திருந்தவர்களுக்காகக் குரல்கொடுக்கப் பாராளுமன்றத்தில் போதிய பிரதிநிதிகளும் இல்லை. தோட்டங்களில் பட்டினி மரணங்கள் நிகழ்ந்தன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரு வளவும் நான்கு மரமும் உள்ள குடும்பத்துக்கும், அவை இல்லாத குடும்பத்துக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவு கொடியது என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின.

1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978 இல் பங்கீடு வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டுமென ஆக்கப்பட்டு, 1979 இல் உணவு முத்திரையாக மாறியது. 1980 இல் திருகோணமலை சீனன்குடாவில் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியது. கப்பலில் தானியமாக வந்திறங்கும் கோதுமை அங்கே அரைபட்டு நாடெங்கும் சென்றது. மா தாராளமாகக் கிடைத்ததும் எங்கள் பிட்டு வெள்ளையானது. சிவப்பரிசி மா பாதி, கோதுமை மா பாதி என்று தொடங்கிய கலவையில் ஆண்டுக்காண்டு அரிசியின் பங்கு குறைந்தது. குரக்கன் பிட்டு நீரிழிவு நோயாளரின் உணவாகியது. ஒடியற் பிட்டு வருடத்துக்கு ஒருமுறை ஆசைக்குச் செய்வதாகியது. பாண் எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பதற்கு 1994 தேர்தலே சான்று. ஓர் இறாத்தல் பாணை 3 ரூபா 50 சதத்துக்குத் தருவோம் என்பது அந்தத் தேர்தலின் பெரும் வாக்குறுதிகளுள் ஒன்று.

அந்த வாக்குறுதி தெற்கில் ஒலித்தபோது நாம் பொருளாதாரத் தடைக்குள் இருந்தோம்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, புகையிரதம் நின்றது. எரிபொருள், உரம், மின்கலம், சவர்க்காரம் என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. உணவு அரசாங்கக் கப்பல்களில் வந்தது. ஆனால் ஒழுங்காகவும் போதுமானதாகவும் வரவில்லை. கடலில் இறங்கக் கட்டுப்பாடு இருந்ததால் கடல் சூழ்ந்த ஊரில் மீனுக்குப் பஞ்சம். செய்தித்தாள் காகிதம் இல்லாமல் பாடசாலை அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம். நான் அப்போதுதான் இந்தத் தொழிலுக்குள் வந்திருந்தேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டு, குறிப்பெடுத்து, வேலை முடிந்து வீடு வந்து மா குழைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்த ஆண்டுகளின் இராச்சாப்பாட்டை நான் நன்கு அறிவேன். மண்ணெண்ணெய் ஒரு துளியும் வீணாகக் கூடாது. ஜாம் போத்தலுக்குள் திரி இட்ட சிறு விளக்கு ஒன்றே வீட்டுக்கெல்லாம் வெளிச்சம். ஆகவே பொழுது சாயுமுன்பே சமைத்துவிட வேண்டும். விமானங்கள் வரும் என்பதால் இரவில் அடுப்பு வெளிச்சத்துக்கும் பயம். அடுப்பில் பனைமட்டை, கொக்கறை, பொச்சுமட்டை, சிரட்டை. மா இருந்தால் பிட்டு. இல்லாவிட்டால் அவித்த மரவள்ளி. அதுவும் இல்லாவிட்டால் நெடுங்காலம் மறந்திருந்த ஒடியல். அம்மம்மாவிடம் கேட்டு அம்மா மீண்டும் ஒடியல் மா ஊறவைக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். மூலையில் கிடந்த உரல் மீண்டும் முற்றத்துக்கு வந்தது. எல்லாவற்றோடும் ஒரு சொதி இருந்தது. தேங்காய் விலையேறிய நாட்களில் சொதி தண்ணீராக இருந்தது. ஆனால் தேசிக்காயும் கறிவேப்பிலையும் எந்தத் தடைக்கும் உட்படவில்லை. அவை கிணற்றடியில் வளர்ந்தன.

அதனைப் பொற்காலமாகச் சித்திரிப்பவர்களை இப்போது காண்கின்றேன். தடைக்காலத்தில் நாம் ஆரோக்கியமாக உண்டோம், சைக்கிளில் திரிந்தோம், நோய் இல்லாமல் இருந்தோம் என்கின்றார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வளவு இருந்தவர்கள் சமாளித்தார்கள். நலன்புரி நிலையங்களில் பாடசாலை மண்டபத்தின் தரையில் படுத்திருந்தவர்களுக்குக் கிணற்றடித் தேசிமரம் ஏது? குழந்தைகளுக்குப் பால்மா தேடி அலைந்த தாய்மாரை நான் பேட்டி கண்டிருக்கின்றேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, எத்தனையோ வீடுகளில் அவித்த பிட்டு நீத்துப்பெட்டியிலேயே கிடந்தது. வளவை விட்டு வந்தவர்களுக்கு அதன்பின் பல மாதங்கள் நிவாரணக் கூப்பனே வளவு.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது கொழும்பின் பொருட்கள் எல்லாம் வந்தன. 2006 ஓகஸ்டில் அது மூடப்பட்டதும் மீண்டும் கப்பல், மீண்டும் வரிசை. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இந்தக் கட்டுரையில் நான் எழுதிய எதுவுமே இருக்கவில்லை. தேங்காய்ப்பால் இல்லை, தேசிக்காய் இல்லை, மாவும் இல்லை. அரிசியில் நீர் ஊற்றி உப்பிட்ட கஞ்சி மட்டுமே இருந்தது. அதற்காக வரிசையில் நின்றவர்கள்மீதும் எறிகணைகள் வீழ்ந்தன. இன்று ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைத் தமிழ் மக்கள் பகிர்ந்து அருந்துகின்றார்கள். ஒரு மக்கள் கூட்டம் தனது வரலாற்றை உணவால் நினைவு கொள்வதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவையில்லை.

போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், இம்முறை நாடு முழுவதும் வரிசையில் நின்றது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியபோது விளைச்சல் ஏற்கனவே விழுந்துவிட்டது. டொலர் இல்லாமற் போனதும் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு உருளையின் விலை 4,860 ரூபாவாக உயர்ந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். உக்ரேன் போரால் கோதுமையும் விலையேறியது. பாண் வாங்கவே யோசிக்க வேண்டிய நிலை.

கொழும்பில் மாடிவீட்டுக் குடியிருப்புகளில் வாழ்கின்ற நண்பர்கள் அப்போது தொலைபேசியில் கேட்ட கேள்விகள் எனக்கு வியப்பளித்தன. விறகடுப்பு எப்படி மூட்டுவது? மா எப்படி வறுப்பது? அவர்களுடைய சமையலறைகளில் விறகு வைக்க இடமில்லை. புகை போக வழியில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் மீண்டும் பொச்சுமட்டையை எடுத்தோம். எமக்கு இது நான்காவது முறை என்று பக்கத்து வீட்டு மாமி சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் எமது ஊரிலும் நிலைமை முன்போல இருக்கவில்லை. வளவுகள் துண்டாகி வீடுகளாகிவிட்டன. கிணற்றடிக்குச் சீமெந்து பூசியாகிவிட்டது. உரலில் மா இடித்த தலைமுறை மறைந்துவிட்டது.

இன்று வேலைநாள் இரவில் எமது வீடுகளில் நடப்பது என்ன? பெண்கள் வங்கியிலும் பாடசாலையிலும் கந்தோரிலும் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு வருகின்றார்கள். கடை இடியப்பம் வருகின்றது. பொதிசெய்த தேங்காய்ப்பால் மாவில் சொதி வைக்கப்படுகின்றது. அல்லது கொத்துரொட்டி வாங்கப்படுகின்றது. இதற்காக எந்தப் பெண்ணையும் குறைசொல்ல நான் தயாரில்லை. அந்தக் கடை இடியப்பத்தை விடியற்காலையிலும் மாலையிலும் வீட்டிலிருந்து பிழிந்து கொடுப்பவர்களும் பெண்களே. போரில் கணவனை இழந்த பலர் அதனால்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கின்றார்கள். பெண்கள் சமைப்பதை மறந்துவிட்டார்கள் என்று மேடைகளில் முழங்கும் பெரியவர்கள், தாம் எப்போதாவது ஒரு தேங்காய் துருவியதுண்டா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

எனக்குள்ள கவலை வேறு. 2024 இன் இறுதியில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாவைத் தாண்டியது. கோதுமையில் ஒரு மணிகூட எமது மண்ணில் விளைவதில்லை. எமது இராச்சாப்பாட்டின் பாதி, தொலைதூர நாடுகளின் அறுவடையையும் டொலரின் பெறுமதியையும் நம்பி இருக்கின்றது. 1942 இல் பர்மாவை நம்பியிருந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முன்பு ஒவ்வொரு நெருக்கடியிலும் எம்மைத் தாங்கியவை இரண்டு: எந்த மாவையும் உணவாக்கத் தெரிந்த கைகளும், அரைமணி நேரத்தில் ஒரு சொதிக்கு வேண்டியதைத் தரும் வளவும். அரசாங்கங்கள் தந்தவையல்ல அவை. அடுத்த நெருக்கடி எந்தத் திசையில் இருந்து வரும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எண்பது ஆண்டுகளில் இத்தனை முறை வந்தது இனி வராது என்று நம்பக் காரணம் இல்லை.

இதற்குப் பெரிய திட்டங்கள் தேவையில்லை என்றே நினைக்கின்றேன். சீமெந்து பூசாத ஒரு மூலையில் ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி, இரண்டு மிளகாய்க் கன்று, வேலியோரத்தில் ஒரு முருங்கை. மாதத்துக்கு ஒருமுறை உள்ளூர்ச் சிவப்பரிசியை ஆலையில் கொடுத்துத் திரித்து வறுத்த மா ஒரு பானை. அந்த மாவை வறுக்கவும் பிட்டுக் கொத்தவும் வீட்டிலுள்ள ஆண் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனது மகன் இப்போது இடியப்பம் பிழிவான். அவன் பிழிவது சற்றுத் தடிப்புத்தான். ஆனால் நான் பத்திரிகை வேலையாக இரவு பிந்தி வரும் நாட்களில் வீட்டில் இராச்சாப்பாடு ஆயத்தமாக இருக்கின்றது.